கொடி பிடுங்க ஆள் வேண்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் சிற்றாறுகளின் கரையில் மரம் வளர்க்கும் தொண்டூழியக் குழுவில் சேர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். நடவு நாளன்று ஆள் குறைவதே இல்லை. மூன்றாவது வாரம், கன்றை மூடும் மிக்கானியாக் கொடியைப் பிடுங்கத்தான் ஆள் தேவை. கன்று பிழைப்பதும் சாவதும் அப்போதுதான் முடிவாகிறது.

முதலில் இடம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்துக்கு ஏற்பக் கரை ஒதுக்கீடு, அதாவது ஆற்றுக்கென விட வேண்டிய நிலம், இருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைவான ஓடை என்றால் இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் வரை என்றால் 10, 20 மீட்டர் வரை என்றால் 20, 40 மீட்டர் வரை என்றால் 40, அதற்கும் மேலே 50. இலாகாவின் மாவட்ட அலுவலகம், தோட்ட நிர்வாகம் இரண்டிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியைத் தூக்குங்கள்.

கரையில் ஏற்கெனவே நிற்கும் செம்பனையை வெட்ட வேண்டாம். வேர் செத்தால் கரை சரியும். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் முக்கோணமாக நட்டிருப்பார்கள். மூன்று மரத்துக்கும் நடுப்புள்ளி ஒவ்வொன்றிலிருந்தும் 5 மீட்டர் தள்ளி விழும். கன்றுக்கு அதுதான் இடம். மட்டை நிழல் விழும் இடத்தில், அசோக மரத்தின் உறவான காப்பிஸ், நாவல் இனத்துக் கெலாட் போன்றவை தாங்கும். வெண்கடம்பு, அதாவது மலாயில் கெலெம்பாயான், வெயில் விழும் திறந்த கரைக்கு மட்டுமே. நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். மண் அரிக்கும் சரிவில் வெட்டிவேர்த் தூர்களை 15 செ.மீ. இடைவெளியில் குறுக்கு வரிசையாக வையுங்கள்.

குழி 30 செ.மீ. ஆழம், அதே அகலம். பாலிபேக்கைக் கிழித்து முழுதாக எடுக்க வேண்டும். அடியை மட்டும் வெட்டிவிட்டுப் புதைத்தால் வேர் சுருண்டுகொள்ளும். தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். பக்கத்தில் ஒன்றரை மீட்டர் மூங்கில் குச்சியும் சிவப்பு நாடாவும் கட்டாயம்.

இனிக் கொடி. மலாயில் செலாப்புட் துங்குல், அடிக்கட்டையைப் போர்த்துவது என்று பொருள். மிக்கானியா என்றாலும் அதுவேதான். இதய வடிவ இலை எதிரெதிராக இருக்கும், பூ வெள்ளையாகக் கொத்தாக வரும். மழைக்காலத்தில் ஒரு தளிர் நாளுக்கு 8 செ.மீ. வரை நீளும். இடுப்பளவுக் கன்றை மூடிவிட அதற்குச் சில வாரம் போதும். பலர் செய்யும் தவறு, புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டு போவது. கொடியின் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். இயந்திரம் ஒரு கொடியை நூறு துண்டாக்கி நூறு கொடிகளை நட்டுவிட்டுப் போகிறது. கன்றின் பட்டையையும் சீவிவிடுகிறது. பாராங் கத்தி கூட வேண்டாம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் வேரோடு கையால் பிடுங்குங்கள். கன்றின் மேலே சுற்றியிருப்பதை இழுக்காமல், கீழே அறுத்து வாடவிடுங்கள்; இழுத்தால் நுனி ஒடியும். பிடுங்கியதை மண்ணில் போடாமல் பாய்போலச் சுருட்டி, வெட்டிப் போட்ட செம்பனை மட்டைக் குவியலின் உச்சியில் காயவையுங்கள். விதை காற்றில் பறக்கும், அதனால் பூக்குமுன் முடிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மண்ணை மூடத் தோட்டமே பயிரிடும் முக்குனாக் கொடியும் இப்படித்தான் ஏறும். அதைப் பிடுங்குமுன் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

களைமருந்து அடிப்பவர்களிடம் பேசாமல் வைத்த கன்று நிலைக்காது. மண்டோரை, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளரை, நேரில் அழைத்துச் சிவப்பு நாடாவைக் காட்டுங்கள். பலகையில் மலாயோடு வங்காளமும் இருக்கட்டும், மருந்துத் தொட்டியைச் சுமப்பவர் படிக்க வேண்டியது அது. காற்றில் தெறிக்கும் துளி இளம்பச்சைத் தண்டில் பட்டாலே போதும், கன்று செத்துவிடும்.

மட்டைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள், நாகம் படுத்திருக்கும். முள்ளுக்குத் தடித்த கையுறை, காலுக்கு ரப்பர் பூட்ஸ். காலில் புண் இருந்தால் அன்று ஆற்றில் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. ஓடையில் இறங்கி வேலை செய்தபின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றுநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிளைகள் ஒன்றையொன்று தொடும்வரைதான் இத்தனை பாடு. நிழல் கூடியதும் மிக்கானியா தானே இளைத்துவிடும். பிறகு கரையோரத்து வெயில் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.