கோழிக்கூண்டில் சூட்டைக் குறைக்கச் செய்த வேலைகள்: இதுவரை

ராமமூர்த்தி நகர் பக்கம் வாடகை வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை, அதில் நாலைந்து கிரிராஜா கோழி, கூடவே ஒரு ஜோடி சிறுவிடை நாட்டுக்கோழி. கூண்டு ஊர் மாறிப்போன நண்பர் விட்டுச் சென்றது. இரும்பு ஆங்கிள் சட்டம், மூன்று பக்கம் பிளைவுட், முன்னால் மட்டும் கம்பி வலை, மேலே ஜிஐ தகர ஷீட். டிசம்பரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று ஊரில் கேட்கிறார்கள், 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி வரை போனது என்றால் நம்புவதில்லை.

மார்ச் கடைசியில் மதியமானால் கிரிராஜா எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தன. இங்கே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவான ரகம், பெங்களூர்க் கோழி என்றே சொல்லலாம், ஆனாலும் உடம்பு கனம் என்பதால் முதலில் திணறுவது அதுதான். சிறுவிடை முருங்கை நிழலில் மண்ணைப் பறித்துப் படுத்துக்கொண்டு சமாளித்துவிடும். கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41, 42 டிகிரி, மிச்சச் சூட்டை மூச்சு வாங்கித்தான் வெளியே தள்ள வேண்டும், சுற்றியுள்ள காற்று நகராமல் ஈரமாக நின்றுவிட்டால் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பிரயோஜனமில்லை. அப்படி மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடுவதால் முட்டை ஓடும் மெலிந்துபோகிறது. கையில் எடுத்தாலே விரிசல் விடுகிற முட்டைகள் வந்தபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது.

மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைத் தகரத்துக்கு அடியிலும் மற்றொன்றைக் கோழி உட்காரும் கம்பு உயரத்திலும் மாட்டினேன். மூன்று மணிக்கு வெளியே நிழலில் 34, கம்பருகே 38, தகரத்தடியில் 46. ஃபேன் போடலாம் என்று நான் விலை பார்த்துக்கொண்டிருக்க, ராசிபுரத்திலிருந்து வந்திருந்த மாமனார் கூண்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஏனுங்க மாப்ள, மூணு பக்கமும் அடைச்சு வெச்சுட்டு ஃபேனைப் போட்டா, இருக்கற சூட்டையேதானுங்க சுத்திச் சுத்தி விடும்" என்றார். நாமக்கல் பண்ணைகளைப் பார்த்தவருக்கு இது சாதாரணம். அங்கே கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போடுவார்கள், பக்கவாட்டில் அடிச்சுவர் கொஞ்சம்தான், மீதி முழுக்க வலை.

முதல் வேலை, பின்பக்கப் பிளைவுட்டைக் கழற்றியது. அடியில் ஒரு முழம் உயரத்துக்கு மட்டும் விட்டுவிட்டு மேலே அரை இஞ்ச் கட்டமுள்ள வெல்டு மெஷ் கம்பி வலை அடித்தோம். எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் அறுகோணக் கோழி வலையைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். விலை குறைவு, ஆனால் பெருச்சாளி உலாவும் ஏரியாவில் அதை நம்பி ராத்திரி தூங்க முடியாது. அப்புறம் வெல்டரைக் கூப்பிட்டு ஷீட்டின் உயரமான பக்கத்தை இன்னும் எட்டு இஞ்ச் தூக்கி, அந்த இடைவெளியிலும் அதே வலை. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியே போக வழி இருந்தால்தான் கீழே புதுக்காற்று உள்ளே வரும். பத்தி கொளுத்தி உள்ளே பிடித்துப் பார்த்தேன். முன்பு புகை தகரத்தில் முட்டிப் பரவி நின்றது, இப்போது நேராக அந்த இடைவெளியைத் தேடிப் போகிறது. ஆனால் நாலடிக் கூண்டில் சூட்டால் மட்டும் ஏறி இறங்கும் காற்று கொஞ்சம்தான், உண்மையில் வேலை செய்வது குறுக்கே அடிக்கும் காற்று.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத வில்லன் இருந்தது: மேற்குக் காம்பவுண்டு சுவர். கூண்டு அதை ஒட்டியே இருந்தது. சாயங்கால வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கை வைத்தாலும் சுடுகிறது. காற்றையும் மறைக்கிறது, கோழி அடைந்தபிறகு சூட்டையும் கக்குகிறது. பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு கூண்டைத் தூக்கி மூன்றடி தள்ளி வைத்தோம், கொடுத்த கூலி பாதாம் பால். பைசா செலவில்லாத வேலை, ராத்திரிச் சூட்டை அதிகம் குறைத்ததும் இதுதான்.

கூரைக்குச் சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தேன், அதற்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல் வலை. தகரத்தின்மேலேயே வலையைப் போர்த்தினால் பாதிப் பலன்தான், நடுவில் காற்று ஓட வேண்டும். இப்போது மதியம் வெளியே அதே 34 இருக்கும்போது தகரத்தடியில் 37, கம்பருகே 35. அமோனியா நெடியும் குறைந்தது, ஏனென்றால் கீழே போட்ட உமி காய்கிறது.

ரொம்பச் சுடும் நாளில் காற்று வரும் பக்கம் ஈரக் கோணி தொங்கவிடுகிறேன். இங்கே ஏப்ரல் மதியம் காற்று வறண்டிருப்பதால் எடுபடுகிறது, மும்பையில் இருக்கும் சித்தி கேட்டபோது அங்கே வேண்டாம் என்று சொன்னேன், ஏற்கெனவே பிசுபிசுப்பு, ஈரம்தான் கூடும். தீவனம் காலையும் மாலையும்தான், செரிக்கும்போதும் உடம்பு சூடாகும் அல்லவா, மதியம் தண்ணீர் மட்டும்.

திறந்ததால் வந்த தொல்லை ஒன்று உண்டு. கோடையில் பெய்யும் மாங்காய் மழை காற்றோடு வந்து படுக்கைவாட்டில் சாரல் அடித்து உமி எல்லாம் நனைந்துவிட்டது. பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் குழாயில் சுற்றிப் பின்பக்கம் திரை மாதிரி மாட்டியிருக்கிறேன், மழை வந்தால் இறக்கலாம், மேலே அந்த எட்டு இஞ்சை மட்டும் மூடுவதில்லை. ஜூனில் மேற்குக் காற்று பிடித்தால் இந்தத் திரை தாங்காது என்று நினைக்கிறேன், கீழே கனமாகக் குழாய் கோர்க்க வேண்டும். சுவர் ஓரம் பாஷன் ஃப்ரூட் கொடி ஒன்றும் நட்டாயிற்று, கோழி கொத்தாமல் சுற்றி வலை போட்டிருக்கிறேன். ஃபேன் வாங்கவில்லை.