பச்சையிலும் இரண்டு பச்சை

2009ஆம் ஆண்டு அக்டோபரில் நான் வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட் வந்து சேர்ந்தபோது, என் மனைவி அங்கே செவிலியராக ஓராண்டை முடித்திருந்தார். அவர் வேலை செய்த மருத்துவமனைக்கு நடந்தே போகலாம், வாடகையும் குறைவு என்பதற்காக அவர் பிடித்திருந்த வீடு, டானகால் சாலையை ஒட்டிய ‘வில்லேஜ்’ என்னும் பகுதியில் இருந்தது. பெயர்தான் கிராமம், மற்றபடி ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் நெருக்கமான தெருக்கள். நடைபாதையின் ஓரக்கற்களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றி வண்ணம் பூசியிருந்தார்கள். ஏதோ திருவிழா முடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது பிரிட்டிஷ் கொடியின் நிறம் என்பதும், அந்தத் தெரு, பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டண்டுகள் பக்கமா, அயர்லாந்துக் குடியரசோடு சேர விரும்பும் கத்தோலிக்கர் பக்கமா என்று வருகிறவர்களுக்கு அறிவிக்கவே பூசப்பட்டது என்பதும் சில வாரங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கின.

அதை விளங்கவைத்தது ஒரு ஜெர்சி. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். தூத்தூர் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு எங்கள் ஊர்களில் கால்பந்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தேவாலயத்துக்கு முன்னால் உள்ள மணல் திடலில், பங்குத் திருவிழா தோறும் போட்டி நடக்கும். எங்கள் ஊர் அணியின் சட்டை பச்சையும் வெள்ளையும். ஆகவே, பழைய துணிமணிகளை விற்று அறப்பணிக்குப் பணம் சேர்க்கும் கடையொன்றில் பச்சை வெள்ளைப் பட்டைகள் குறுக்காக ஓடும் ஜெர்சியை 3 பவுண்டுக்குப் பார்த்ததும், யோசிக்காமல் வாங்கி, அடுத்த சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன். இரண்டு வீடு தள்ளியிருந்த மூதாட்டி, வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தார். “உள்ளே வா, மகனே” என்றார். பெல்ஃபாஸ்டில் வயதானவர்கள் முன்பின் தெரியாதவனையும் ‘மகனே’ என்றுதான் கூப்பிடுவார்கள்; எங்கள் ஊர் ‘மக்களே’ போல. உள்ளே போனதும், இறந்துபோன தம் கணவரின் சாம்பல்நிற மேற்சட்டையைக் கொடுத்து, கழுத்துவரை பொத்தான் போடச் சொன்னார். “இது செல்டிக் சட்டை. இந்தத் தெருவில் யாரும் இதைப் போடுவதில்லை. உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.” அவ்வளவுதான் சொன்னார்.

செல்டிக், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய அயர்லாந்துக் கத்தோலிக்கர்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த அணி. அதே நகரின் ரேஞ்சர்ஸ் அணிக்குப் பின்னால் புராட்டஸ்டண்டுகள் நிற்பார்கள். கடல் தாண்டியிருக்கும் இந்த இரண்டு அணிகளின் சட்டைகள், பெல்ஃபாஸ்டில் ஒருவன் யார் என்று சொல்லிவிடுகின்றன. விந்தை என்னவென்றால், வட அயர்லாந்துத் தேசிய அணியின் சட்டையும் பச்சைதான். அந்த அணியின் விண்ட்சர் பார்க் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து சில நிமிட நடைதூரம். ஆட்டம் இருக்கும் நாளில், அதே சிவப்பு வெள்ளை நீல ஓரக்கற்களின் மேல் ஆயிரக்கணக்கானோர் பச்சை உடுத்திப் போவார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எந்தப் பச்சை என்பதில் இருக்கிறது விஷயம்.

நான் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்த கிடங்கு அலுவலகத்தில் எனக்கு இருபுறமும் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கிழக்கு பெல்ஃபாஸ்டில் வளர்ந்தவர், வட அயர்லாந்து ரசிகர் மன்றமொன்றின் உறுப்பினர். மற்றவர் மேற்கே கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் சாலையைச் சேர்ந்தவர். அவருடைய அணி டப்ளினை இருப்பிடமாகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசின் அணி. இருவரும் முதல் வாரத்திலேயே நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்று கேட்டார்கள். இங்கே பள்ளியின் பெயர் தெரிந்தால் மதம் தெரிந்துவிடும். கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்பதை எங்கள் மாவட்டத்தில் ‘ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா’ என்று நேராகவே கேட்டுவிடுகிறோம். இவர்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள், வேறுபாடு அவ்வளவே. புனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கிய என் பள்ளியைச் சொன்னதும் ஃபால்ஸ் சாலைக்காரர் புன்னகைத்தார். கிழக்கத்தியரும் புன்னகைத்தார், சற்றுத் தாமதமாக.

நீல் லெனன் என்ற பெயரை முதலில் நண்பரான அந்தக் கிழக்கத்தியரிடமிருந்துதான் கேட்டேன். லர்கன் என்னும் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கரான லெனன், வட அயர்லாந்துக்காகப் பல ஆண்டுகள் பெரிய எதிர்ப்பின்றி ஆடிவந்தவர். 2000 டிசம்பரில் லெஸ்டர் சிட்டியை விட்டு செல்டிக்குக்கு மாறினார். அடுத்த பிப்ரவரியில் நார்வேக்கு எதிராக விண்ட்சர் பார்க்கில் இறங்கியபோது, அவர் காலில் பந்து படும் ஒவ்வொரு முறையும் சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள். ஆளும் அதே ஆள், மதமும் அதே மதம். மாறியது வாரக்கடைசியில் அவர் போட்ட சட்டை மட்டுமே. 2002 ஆகஸ்டில் சைப்ரஸுடன் நடக்கவிருந்த ஆட்டத்தில் அவர் அணித் தலைவராக இறங்க வேண்டியிருந்தது. அன்று கொலை மிரட்டல் வந்தது. அவர் ஆடவில்லை, தேசிய அணிக்கு அதன்பின் எப்போதும் ஆடவில்லை. அவருக்கு அப்போது 31 வயது.

“நார்வே ஆட்டத்துக்கு நீங்கள் போயிருந்தீர்களா?” என்று கேட்டேன். என் நண்பர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “போயிருந்தேன். நான் கூச்சல் போடவில்லை. போட்டவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவும் இல்லை. அவன் எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.”

இதைக் கேட்டபோது எனக்கு 1982 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டபோது எனக்கு ஏழு வயது. கடற்கரைக் கிறிஸ்தவர்களும் உள்நாட்டு இந்துக்களும் மோதிக்கொண்ட அந்த நாள்களுக்குப் பிறகு, எங்கள் ஊர்த் திடலுக்கு ஆட வந்துகொண்டிருந்த, கடற்கரைக்கு உள்ளே இருக்கும் ஊரின் அணி ஒன்று பல ஆண்டுகள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதும் இல்லை. முன்வரிசையில் இருந்தவனைப் பார்த்து ஒன்றும் சொல்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

லெனன் விலகிய செய்தி ஐரோப்பா முழுவதும் போனது. வட அயர்லாந்து ரசிகர் என்று சொல்லிக்கொள்வதற்கே கூசிய காலம் அது என்று நண்பர் சொன்னார். அயர்லாந்துக் கால்பந்துச் சங்கம், பெயரில் அயர்லாந்து என்றிருந்தாலும் வட அயர்லாந்தை மட்டும் நிர்வகிக்கும் அமைப்பு, ‘அனைவருக்கும் கால்பந்து’ என்ற இயக்கத்தை அந்த ஆண்டுகளில் முன்னெடுத்தது. ஆனால் சங்கத்தின் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு யாரும் பாடுவதை நிறுத்துவதில்லை. உண்மையான வேலை கேலரியில் நடந்தது. அதன் சூட்சுமம் மிக எளிது: ஒரு மூலையில் நான்கு பேர் போப்பாண்டவரைத் திட்டும் பாட்டைத் தொடங்கினால், அவர்களோடு வாதாடக் கூடாது, சுற்றியிருக்கும் நானூறு பேர் வேறொரு பாட்டை அவர்களைவிட உரக்கத் தொடங்க வேண்டும். அதற்குப் பாட்டுகள் வேண்டுமே என்று புதிதாகக் கட்டினார்கள். பெரும்பாலும் தங்களையே கேலி செய்துகொள்ளும் பாட்டுகள், ‘நாங்கள் பிரேசில் அல்ல’ என்று ஒப்புக்கொள்ளும் வகை. முரசு கொண்டுவந்தார்கள். ரேஞ்சர்ஸ் நீலத்தில் வருகிறவர்கள் பச்சையில் வரவேண்டும் என்று மன்றங்கள் வழியாகச் சொன்னார்கள். ‘பச்சைக் கடல்’ என்ற பெயர் அப்படி வந்தது. “அவர்களைத் துரத்தவில்லை. அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்காமல் செய்தோம்” என்றார் நண்பர்.

அணியும் கைகொடுத்தது என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 2005 செப்டம்பரில் டேவிட் ஹீலி அடித்த ஒரே கோலில் இங்கிலாந்து தோற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே ஹீலி மூன்று கோல் போட்டு ஸ்பெயினை 3-2 என்று வீழ்த்தினார். வெல்லும் அணிக்குப் பின்னால் புதியவர்கள் வருவார்கள். புதியவர்களுக்குப் பழைய பாட்டு தெரியாது. அந்த 2006இல்தான் மதப்பிரிவு வெறியை எதிர்த்ததற்காக வட அயர்லாந்து ரசிகர்களுக்குப் பிரஸ்ஸல்ஸ் சர்வதேச ரசிகர் விருது கிடைத்தது. நியாயமான விருதுதான். எனினும் அதைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும், அதற்கான விலையை லெனன் ஒருவரே கட்டினார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

2015 அக்டோபர் 8ஆம் தேதி, கிரீஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு நண்பர் என்னை அழைத்துப்போனார். வென்றால் யூரோ 2016 போட்டிக்குத் தகுதி; 1986 உலகக் கோப்பைக்குப் பிறகு முதல் பெரிய போட்டி. மைதானத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பக்கம் கேலரியே இல்லை, பாரந்தூக்கிகளும் வெற்றிடமும்தான். என் கழுத்தில் நண்பரின் பச்சைத் துண்டு. கீதம் ஒலித்தபோது எல்லோரும் எழுந்தார்கள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிப் பாட்டுகள் உண்டு. வட அயர்லாந்துக்கு, இங்கிலாந்தைப் போலவே, பிரிட்டனின் கீதம்தான்; 2022 வரை அது ‘அரசியைக் கடவுள் காப்பாராக’ என்றிருந்தது. சுற்றிலும் உரக்கப் பாடினார்கள். ஆட்டக்காரர்கள் சிலர் வாயசைக்காமல், தலையைச் சற்றுக் கவிழ்த்து நின்றார்கள். கத்தோலிக்க வீரர்கள் இப்படித்தான் நிற்பார்கள், அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை என்று நண்பர் பிறகு சொன்னார். பாடாமல் நிற்க ஒருவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பாட்டைத்தான் இன்னும் மாற்றவில்லை.

ஸ்டீவன் டேவிஸ் இரண்டு, ஜோஷ் மெகென்னிஸ் ஒன்று, 3-1. பயிற்றுநர் மைக்கேல் ஓ'நீல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; கேலரி முழுவதும் அவர் பெயரைப் பாடிற்று. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, என்னை யாரென்றே தெரியாமல், இரு கையாலும் என் முகத்தைப் பிடித்து உலுக்கினார். வீட்டுக்குப் பச்சைத் துண்டோடு நடந்து வந்தபோது மூதாட்டியின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் அலுவலகத்தில் இருவருமே தூங்காத கண்களோடு வந்திருந்தார்கள். அதே இரவு, டப்ளினில் ஷேன் லாங் அடித்த கோலால் குடியரசு அணி உலகச் சாம்பியனான ஜெர்மனியை 1-0 என்று வென்றிருந்தது. ஃபால்ஸ் சாலைக்காரர் கிழக்கத்தியரிடம் கை நீட்டினார். கிழக்கத்தியர் குலுக்கினார். “கிரீஸை யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்கள்” என்றார் இவர். “ஜெர்மனி நேற்றுத் தூங்கிக்கொண்டிருந்தது” என்றார் அவர். நடுவில் உட்கார்ந்திருந்த நான் மாதக் கணக்கை முடித்தேன்.

2016 ஜூனில் இரு அணிகளும் பிரான்ஸில் ஆடின. வட அயர்லாந்து உக்ரைனை லியோனில் 2-0 என்று வென்றபோது முதல் கோல் புராட்டஸ்டண்டுகள் மிகுந்த லார்ன் ஊரின் கேரத் மெக்காலியுடையது. இரண்டாவது, பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் ஆடும் அயர்லாந்து மரபு ஆட்டமான கேலிக் கால்பந்தும் ஆடி வளர்ந்த டைரோன்காரர் நியல் மெகின்னுடையது. ஊரையும் பெயரையும் வைத்தே எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும் நாட்டில், அன்று அலுவலகத்தில் யாரும் போடவில்லை. நீஸ் நகரில் 24 வயது வட அயர்லாந்து ரசிகர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதையடுத்து ஸ்வீடனோடு ஆடிய தங்கள் அணியின் ஆட்டத்தில், குடியரசு ரசிகர்கள் 24ஆம் நிமிடத்தில் எழுந்து கைதட்டினார்கள். போட்டிக்குப் பின், இரு தரப்பு ரசிகர்களுக்கும் சேர்த்தே பாரிஸ் மாநகரம் பதக்கம் வழங்குவதாக மேயர் அன் இதால்கோ அறிவித்தார். எங்கள் அலுவலகத்தில் அந்தச் செய்தித்தாள் துணுக்கை யாரோ வெட்டித் தேநீர் அறையில் ஒட்டினார்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. 2017 நவம்பர் 9ஆம் தேதி சுவிட்சர்லாந்துடன் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டம். என்னிடம் ஒரு சீட்டு கூடுதலாக இருந்தது. ஃபால்ஸ் சாலைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. 1993 நவம்பரில் இரு அயர்லாந்துகளும் விண்ட்சர் பார்க்கில் 1-1 என்று முடித்த இரவைப் பற்றிச் சொன்னார். அந்த மாதங்களில் இரு பக்கத்தாரின் மோதலில் ஊரில் விழுந்த பிணங்களுக்கு அளவில்லை. குடியரசு ரசிகர் எவரும் தம் அணிக்காக வாய் திறக்க முடியாத அந்த மைதானத்தில், தன் தம்பியும் வாய்திறக்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தானாம். “அவர்கள் மாறிவிட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். உன் நண்பன் நல்லவன். ஆனால் அந்தப் பாட்டுக்கு நான் எழுந்து நிற்கமாட்டேன். உட்கார்ந்திருந்து உங்களைச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். நீங்கள் போய்வாருங்கள்.” அதற்குமேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சீட்டில் என் மகன் வந்தான்.

அன்று எங்கள் வீரர் கோரி எவன்ஸின் முதுகுப்புறத் தோளில் பட்ட பந்தைக் கையில் பட்டதாகச் சொல்லி நடுவர் பெனால்டி கொடுத்தார். 1-0 என்று தோற்றோம். மழையில் நனைந்தபடி, ஒரு பேச்சும் இல்லாமல் கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது என் கைபேசி அதிர்ந்தது. ஃபால்ஸ் சாலைக்காரரிடமிருந்து குறுஞ்செய்தி: “அது கையே இல்லை. நான்கு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.” கிழக்கத்தியரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, பதில் போட வேண்டும் என்று கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.