மாம்பழக் கோபமும் மலைவாழையும்

பழனிக்குப் போக திண்டுக்கல்லில் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டியதும் விருப்பாச்சி என்று ஒரு ஊர் வரும். "பஞ்சாமிர்தப் பழத்தோட ஊருடா" என்று ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக்கொண்டார் அத்தை. கோபுரம் கண்ணில் படவே இன்னும் நேரம் இருந்தது.

முருகன் கோபித்துக்கொண்டு வந்தது மாம்பழத்துக்காக. பிரசாதமோ வாழைப்பழத்தில். சின்ன வயதிலிருந்தே எனக்கு இது வேடிக்கைதான். அதற்கென்ன செய்வது, பக்கத்து மலையில் விளைவது வாழைதானே! விருப்பாச்சிப் பழத்தில் நீர்ப்பசை குறைவு. அதோடு வெல்லம், நெய், தேன், ஏலக்காய் சேர்த்துப் பிசைவார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. அதனால்தான் வீட்டுக்கு வந்தும் நாள்கணக்கில் கெடாமல் இருக்கிறது.

அடிவாரத்தில் திருஆவினன்குடிக் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினோம். வின்ச், ரோப் கார் இரண்டும் இருந்தும் அத்தைக்குப் படிதான். ஏறத்தாழ 700 படி. நடுவில் இடும்பன் சன்னதியில் உட்கார்ந்துவிட்டார். அகத்தியருக்காக இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிவந்த இடும்பன், இங்கே இறக்கி வைத்தானாம். ஒன்று திரும்ப அசையவில்லை, மேலே ஒரு சிறுவன் நின்றிருந்தான். அந்த இன்னொரு மலை, இடும்பன் மலை, எதிரிலேயே நிற்கிறது. சாட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லும் கதை!

எனக்கு அங்கே ஞாபகம் வந்தது இன்னொரு சுமை. 17-ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து குமரப்பன் என்ற நகரத்தார் வணிகர் பழனிப் பக்கம் உப்பு விற்க வந்தார். லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக வைத்தார். நகரத்தார் இன்றைக்கும் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறார்களே, அந்த வழக்கத்தின் தொடக்கத்தை அந்த உப்பு வியாபாரத்தில்தான் காண்கிறார்கள். வியாபாரத்துக்கு வந்த காலும் வேண்டுதலுக்கு வந்த காலும் ஒரே பாதையில்தான் நடந்திருக்கின்றன. இதை அத்தையிடம் சொன்னேன். "உப்பு விக்க வந்தவனையும் அவன் கூட்டிக்கிட்டான் பாரு" என்றார். யாரை என்று கேட்கத் தேவையில்லை.

தரிசனம் சில நொடிதான். ராஜ அலங்காரம். அந்தச் சில நொடிக்கே அத்தையின் கண் கலங்கிவிட்டது.

கீழே வந்தால் தெருவெல்லாம் பஞ்சாமிர்தப் பலகைகள். போதாததற்கு "அண்ணே, இங்க வாங்க" என்று கூப்பாடு. 2019-இல் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பேர் அந்த ஊர்ப் பொருளுக்கே என்ற சட்ட முத்திரை, கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. சட்டம் அப்போதுதான் எழுதிக் கொடுத்தது. சனம் அதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே பழனி என்ற பேரைக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப்பேரை விடப் பெரிய விளம்பரம் அந்தத் தெருவில் எந்தப் பலகையிலும் இல்லை.

அத்தை யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. நேரே தேவஸ்தானக் கடைக்குப் போய், சொந்தக்காரர் பேரை விரல்விட்டு எண்ணி ஆறு டப்பா வாங்கினார். சுமந்தது நான்.

திரும்பும்போது விருப்பாச்சி வந்தது. அத்தை நல்ல தூக்கம். என் மடியில் டப்பாக்கள்.