எம்டனின் கட்டளை ஒலித்த கடலில்

எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் அடங்காத பிள்ளையை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது என்று அப்பாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் கோக்கோஸ் தீவுகளருகே அழிந்தது. பின்னர் அதே பெயரில் கட்டப்பட்ட இன்னொரு எம்டனிலிருந்துதான், 1919 ஜூன் 21 காலை, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளின் ஸ்காப்பா ஃப்ளோ என்னும் இயற்கைத் துறைமுகத்தில், போர் முடிந்தபின் பிரிட்டிஷ் காவலில் நின்ற ஜெர்மன் கப்பல்களைத் தாங்களே மூழ்கடிக்குமாறு அட்மிரல் ஃபொன் ராய்ட்டர் சமிக்ஞை கொடுத்தார். 74 கப்பல்களில் 52 அன்றே மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிற்காலத்தில் இரும்புக்காக மேலே எடுத்துவிட்டார்கள். மூன்று பெரும் போர்க்கப்பல்களும் குரூசர் எனப்படும், அவற்றைவிடச் சிறிய விரைவுப் போர்க்கப்பல்கள் நான்கும் அடியிலேயே கிடக்கின்றன. கட்டளையிட்ட எம்டனோ மூழ்காதவற்றில் ஒன்று.

சென்ற ஜூனில் நாங்கள் ஆறு பேர் அந்தக் கப்பல்களைப் பார்க்க அங்கே முக்குளிக்கச் சென்றோம். என்னோடு இணையாக இறங்கிய தம்பி நாகப்பட்டினத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வங்கக்கடலில் மெல்லிய உடையோடு இறங்கிப் பழகிய எங்களுக்கு, கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், நீர் புகாத ட்ரை சூட்டும் அதனுள்ளே கம்பளி உள்ளாடையும் புதியவை. ஆகவே முதல் இரண்டு நாளும் ஆழம் குறைந்த இடத்தில் பழகினோம். கலங்கல் எங்களுக்குப் பயமில்லை, கொள்ளிடத்துப் புதுத்தண்ணீரில் உள்ளங்கையே தெரியாமல் நீந்தியவர்கள் நாங்கள். குளிர்தான் வேறு. ஆழத்தைவிடக் குளிரே பெரிய ஆபத்து என்பது என் கருத்து, ஏனெனில் விரல் மரத்துப்போனால் வால்வைத் திருகவோ கொக்கியைக் கழற்றவோ முடியாது.

மூன்றாம் நாள் கோல்ன் என்னும் குரூசரில் இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாசிப்பச்சை இருளில் இறங்க இறங்க, 20 மீட்டருக்குமேல் ஆழம் சென்றதும், வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் கப்பலின் உடல் சுவர்போல எழுந்து நின்றது. அதன்மேல் வெள்ளைக் கடற்சாமந்திகள் அடர்ந்திருந்தன. என் விளக்கு பட்டதும் அவற்றுள் ஒன்று மெல்லச் சுருங்கி, வெறும் கொழுக்கட்டைபோல ஆனது. பின்பக்கத்து 15 சென்டிமீட்டர் பீரங்கி அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. 2001 முதல், அடியில் கிடக்கும் இந்த ஏழு கப்பல்களும் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் ஓர் ஆணியையும் எடுக்க முடியாது. 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்த எங்கள் பூம்புகார்க் கடலின் கப்பலுக்கும் இத்தகைய காவல் வேண்டும் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் என் வலது மணிக்கட்டு வழியாக நீர் கசிந்து முழங்கை வரை ஏறியது. முக்குளிப்புக் கணினி நீரின் வெப்பநிலை 11 டிகிரி என்று காட்டியது. நான் பொறுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போகலாம் என்றிருந்தேன். தம்பி என் கையைப் பார்த்ததும் கட்டை விரலை உயர்த்திவிட்டார். மேலே ஏறலாம் என்பது அதன் பொருள். ஒருவர் காட்டினால் மற்றவர் மறுக்கக்கூடாது. ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றபோது என் விரல்கள் என்னுடையவையாகவே இல்லை.

படகில் ஏறியதும் "அண்ணே, கையைக் கொடுங்க" என்று இரு கைகளாலும் தேய்த்துவிட்டார். மறுநாள் கோல்னைவிட ஆழம் குறைந்து 25 மீட்டரில் கிடக்கும் கார்ல்ஸ்ரூவே என்னும் குரூசருக்குப் போனால் போதும் என்று மற்ற நால்வரும் நான் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

அன்றிரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மறையாத படகுத்துறையில் நின்று, தம்பி தன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். கப்பல் எத்தனை நீளம் என்று அவர் கேட்கவில்லை. நீவாட்டை, அதாவது நீரோட்டத்தைத்தான் கேட்டார்.

"எந்தப் பக்கமா சாஞ்சு கெடக்கு? நீவாடு எப்படி?"

"வலப்பக்கம்ப்பா. நாலு பக்கமும் தீவு, நீவாடு பெரிசா இல்ல."

"அப்ப மீனு நிக்கும்" என்றார் பெரியவர்.