ஒரே கட்டத்தில் நான்கு பெயர்

எங்கள் டீமுக்கு லீவு காலண்டர் போடும் வேலை என் தலையில்தான். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்பெயினுக்கும் தென் அமெரிக்காவுக்கும் ஸ்பானிஷில் பதில் சொல்கிற டீம். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவில் கால் வைத்த அக்டோபர் 12 என்ற ஒரு கட்டத்துக்குள் வருஷா வருஷம் நான்கு பெயர் எழுதுகிறேன். ஸ்பெயினில் தேசிய தினம், சிலியில் 'இரண்டு உலகங்களின் சந்திப்பு', அர்ஜென்டினாவில் 2010-லிருந்து பண்பாட்டுப் பன்மையை மதிக்கும் நாள், வெனிசுவேலாவில் 2002-லிருந்து பூர்வகுடிகள் எதிர்த்து நின்ற நாள். சில நாடுகளில் லீவைத் திங்கட்கிழமைக்கு நகர்த்திவிடுவார்கள், அது தனித் தலைவலி.

போன வாரம் டீக்கடையில் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "கொலம்பஸ் ஒரு கொள்ளைக்காரன், அவனுக்கு எதுக்குண்ணா லீவு?" அங்கே பாதிதான் பேச முடிந்தது. மீதி இங்கே.

கொலம்பஸுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்த ஆள் கரீபியன் தீவுகளில் நடத்திய ஆட்சி லட்சணத்துக்கு, 1500-ல் ஸ்பெயின் அரசு அனுப்பிய அதிகாரியே அவரைச் சங்கிலி போட்டுக் கப்பலேற்றினார். அம்மை நோயிலும் அடிமை வேலையிலும் அந்த மண்ணின் சனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை யாரும் பூசி மெழுக முடியாது. 'இனத்தின் திருநாள்' என்று 1918-ல் ஸ்பெயினில் சட்டம் போட்டார்களே, அந்தப் பெயரும் எனக்குப் பிடிக்காது, ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோ காலத்து வாடையும் பிடிக்காது.

ஆனால் ஒரு விஷயம். ஸ்பெயினுக்கும் ஒரு வருஷம் முன்பே, 1917-ல், இந்த நாளை விடுமுறையாக அறிவித்தது அர்ஜென்டினா. ஸ்பெயினோடு சண்டை போட்டு 1816-ல் விடுதலையை அறிவித்த நாடு அது. ராஜாவை விரட்டியவர்கள், ராஜாவின் மொழியை மட்டும் எங்களுடையது என்று வைத்துக்கொண்டார்கள். இன்று கிட்டத்தட்ட 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி. பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமையை எதிர்த்து, 1511-லேயே ஒரு தீவு தேவாலயத்தில் நின்று "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்ட பாதிரியார் மொந்தெசினோஸ்கூட ஸ்பெயின்காரர்தான். அந்தப் பாரம்பரியத்தில் கொள்ளையும் இருக்கிறது, அந்தக் கேள்வியும் இருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் மெக்சிகோ அம்மா ஒருவர், ஊர் ஓஹாக்கா. அவர் பாட்டி ஜபோதெக் என்ற பூர்வகுடி மொழி பேசுவாராம், இவர் சாமி கும்பிடுவதும் பிள்ளைகளைத் திட்டுவதும் ஸ்பானிஷில். ஒருநாள் வீடியோ காலில் என் டப்பாவில் இருந்த மோர் மிளகாயைக் காட்டினேன், சிரித்துவிட்டார். கொலம்பஸ் தேடிப் போனது மிளகு, கிடைத்தது மிளகாய். ஸ்பானிஷில் மிளகு 'பிமியெந்தா', மிளகாய் இனத்துக்கு 'பிமியெந்தோ'. அப்புறம் போர்ச்சுகீசியர் கப்பலில் அது நம் பக்கம் வந்தபோது நாமும் மிளகை வைத்தே பெயர் கட்டினோம், மிளகு போல உறைக்கும் காய் என்று. இரண்டு மொழிக்கும் ஒரே யோசனை! மெக்சிகோக்காரர்கள் மட்டும் 'சீலே' என்ற ஆஸ்டெக் மக்களின் மொழியான நவாத்தலின் பழைய சொல்லை விடவே இல்லை.

மெக்சிகோ நகரத்தில் மூன்று பண்பாடுகளின் சதுக்கம் என்று ஓர் இடம். 1521 ஆகஸ்ட் 13-ல் ஆஸ்டெக் அரசு கடைசியாக விழுந்த இடம். அங்கே ஒரு கல்வெட்டு. நடந்தது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இன்றைய மெக்சிகோவாக இருக்கும் கலப்பு மக்களின் வேதனையான பிறப்பு என்கிறது. அக்டோபர் 12-ஐ நான் பார்ப்பதும் இப்படித்தான். பிரசவத்தில் தாய்க்கு நேர்ந்ததை மறைக்க வேண்டாம், அதற்காகப் பிள்ளையின் பிறந்தநாளை அடித்துவிடவும் வேண்டாம்.

நமக்கு இது புதுசா என்ன? 2008-ல் தை 1-தான் புத்தாண்டு என்று சட்டம், 2011-ல் திரும்பவும் சித்திரை. எங்கள் வீட்டில் எல்லா வருஷமும் பொங்கலும் நடந்தது, வேப்பம்பூ பச்சடியும் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கொடுத்த 1639 ஆகஸ்ட் 22-ஐ வைத்து 2004-லிருந்து மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறோம், மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதைவிட எத்தனையோ நூற்றாண்டு பழசு என்று தெரிந்துகொண்டே. அந்த 1639-ல் பக்கத்துச் சாந்தோம் போர்ச்சுகீசியர் கையில், போர்ச்சுகலோ ஸ்பெயின் மன்னர் கையில். தம்பியிடம் இதைச் சொன்னேன், ஏனென்றால் ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் ஹெரிடேஜ் வாக் போய் ஸ்டேட்டஸ் போட்டவன் அவன்தான். "அது வேறண்ணா" என்றான். எப்படி வேற என்று கேட்பதற்குள் ஷிப்ட் மணி ஆகிவிட்டது.

காலண்டரில் இந்த வருஷமும் நான்கு பெயரும் இருக்கின்றன. அக்டோபர் 12 அன்றைக்கு போன் கால் குறைவாக வரும் என்று தெரிந்து முதலில் லீவு கேட்டவனும் அந்தத் தம்பிதான்.