எங்கள் கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டம் எதுவரை வந்திருக்கிறது

வடசென்னையில் திருச்சபை நடத்தும் ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். கல்லூரிக்குள் தரத்தைக் கவனிக்கும் குழுவான ஐக்யூஏசி-யின் பொறுப்பும் என்னிடம்தான். ஐந்தாண்டுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டை, இதே மாதிரிக் கல்லூரிகளில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் பார்த்துவந்த ஏழு அளவுகோல்களில் ஆறாவது, தலைமையும் நிர்வாகமும் பற்றியது. திட்டம் எழுதியிருக்கிறீர்களா என்பதோடு விடமாட்டார்கள், அதன்படி எது நடந்தது என்று சான்றும் கேட்பார்கள். கூட்டக் குறிப்பு, செலவுக் கணக்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

முதல் வரைவில் புதுக் கட்டடம், ஆராய்ச்சி மையம், தன்னாட்சி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் உரிமை) என்று எல்லாமே இருந்தன. ஆட்சிக்குழுவில் இருந்த, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "சார், இதை யார் செய்யப் போறாங்க? பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு தொகையும் எழுதச் சொன்னார். எழுத முடியாதவற்றைப் பின்னால் தள்ளினோம். தன்னாட்சியும் அப்படித்தான் தள்ளிப்போனது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மிஞ்சியவற்றில் முதலிடம், படிப்பை நடுவில் விடும் பிள்ளைகளுக்கு. எங்களிடம் வருபவர்களில் நிறைய பேர் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள். முதலாண்டில் அரியர் சேர்ந்து, கடைக்கோ டெலிவரி வேலைக்கோ போய்விடுகிறார்கள். தொடர்ந்து சில நாள் வராவிட்டால், அந்த மாணவருக்குப் பொறுப்பான ஆசிரியர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று வைத்தோம். அப்படிப் பேசும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. மாணவிகளுக்கு 2022-இல் வந்த புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய தமிழக அரசுத் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கத் தகுதியிருந்தும் பலருக்கு அது வரவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, விண்ணப்பத்தையும் வங்கி வேலையையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுத்தோம். திட்டத்தில் எழுதாத வேலை இது. ஆனால் வகுப்பில் பிள்ளைகளைத் தக்கவைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் திருத்திய திட்டத்தில் சேர்த்துவிட்டோம்.

அப்புறம் திருச்சபை. அருகிலுள்ள ஒரு சபையார் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டு வந்த தொகையில் ஒரு பங்கைத் தேர்வுக் கட்டணத்துக்குக் கொடுத்தார்கள். சபைப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்ற கேள்வி எழுந்தது. போதகர் ஐயாவே எழுந்து, தேவையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று முடித்துவைத்தார். ஒரு திருச்சபைக் கல்லூரி எதற்காக இருக்கிறதோ, அது அன்றைக்கு எனக்குக் கண்முன் தெரிந்தது.

ஆராய்ச்சி விஷயத்தில் சொல்லும்படி இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. நூலகத்தை மாலையிலும் திறந்துவைக்க வேண்டும், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு ஒரு உதவியாளரின் சம்பளத்தை அடுத்த வரவுசெலவில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.