தலையணை உயரத்திலிருந்து ஒரு வார்டு: சானடோரிய மாதிரி, இதுவரை

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் நான் செய்துவரும் அட்டை மாதிரி, 1943இல் என் பாட்டியின் அண்ணன் 15 வயதில் நோயாளியாகப் படுத்திருந்த தாம்பரம் காசநோய் சானடோரியத்தின் வார்டு ஒன்றைக் காட்டுவது. பெரிய தாத்தா எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனவைதான் இதற்கு வரைபடம். அளவு 1:24, அதாவது ஓர் அடிக்கு அரை அங்குலம்.

சுவர்களுக்கு ஆண்டர்சன் தெருவில் வாங்கிய மில்போர்டும் கட்டில்களுக்குக் கம்பியும் போதுமானவையாக இருந்தன. நேரமெல்லாம் கூரைக்குத்தான் போனது.

இத்தகைய மாதிரிகளில் கூரையைக் கழற்றி மேலிருந்து பார்ப்பதே வழக்கம். நான் கூரையை நிலையாக ஒட்டிவிட்டு, கடைசிக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், தலையணை உயரத்தில், ஒரு கண் வைக்குமளவு திறப்பு விட்டிருக்கிறேன். காசநோய்க்கு மருந்தில்லாத அந்தக் காலத்தில் காற்றும் உணவும் ஓய்வுமே சிகிச்சை. அந்தச் சானடோரியத்தை 1928இல் தொடங்கிய டாக்டர் டேவிட் சௌரி முத்துவும் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் திறந்தவெளிச் சிகிச்சை நடத்தியவர். ஆகவே பெரிய தாத்தாவை முதல் சில மாதங்கள் எழுந்து உட்காரவோ கடிதம் எழுதவோ விடவில்லை. தெர்மாமீட்டர், பால், முட்டை, மீன் எண்ணெய், மீண்டும் தெர்மாமீட்டர் என்று நாள் நகர்ந்தது. பிறகு நெஞ்சில் ஊசி வழியே காற்றேற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுத்தார்கள். அந்தக் காற்றை உடல் உறிஞ்சிக்கொள்வதால் மறுபடி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பையன் அத்தனை நாளும் பார்த்தது கூரையின் அடிப்பக்கத்தைத்தான் என்பதால், குறுக்குக் கட்டைகளையும் ஓட்டு வரிசையையும் அங்கே ஒன்று விடாமல் வைத்தேன். வெளிப்பக்கத்துக்குச் செங்காவி மட்டுமே பூசியிருக்கிறேன்.

விளக்கை வைத்தபோது போர் உள்ளே வந்தது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் குடும்பம், தாம்பரத்தில் அசையக் கூடாத பையன். அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது ஆறவே இல்லை, ஏனென்றால் பக்கத்துக் கட்டில்காரர்கள் பலர் அது இங்கே வந்து சேரும்வரை இருக்கவில்லை. சிறு எல்இடி விளக்கைக் கறுப்புக் காகிதக் கூம்பால் மூடினேன். திறப்பு வழியே பார்த்தால் கூரை முழுவதும் இருட்டாகி, தரையில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறது. விமானங்களுக்குத் தெரியாதபடி விளக்குகளை மறைத்துவைத்த இருட்டடிப்பு நாள்களைப் பற்றி அவர் சொன்னதும் அதுதான்.

பார்வையாளர் பெஞ்சையும் ஒட்டிவிட்டேன். அவருடைய தாயார் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறி ஞாயிறுதோறும் வருவார். பெஞ்சுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் என்பார் பெரிய தாத்தா. அதை ஆறடி என்று கொண்டு மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன். மிச்சமிருப்பது கொசுவலை. காஸ் துணியில் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறேன். மடிப்பு நின்றால் மற்றக் கட்டில்களுக்கும் அதையே வெட்டுவேன், இல்லையென்றால் மெல்லிய நைலான் வலையை முயன்று பார்க்க வேண்டும்.